தில்லிக் குளிரில் நெய்த் தேங்காய்

சாமியே சரணம் ஐயப்பா!

கல்லும் முள்ளும் பிறகு. சபரிமலைக்குத் தில்லியில் மாலை போட்டவருக்கு முதல் சோதனை, தேங்காய்க்குள் நிறைத்து ஐயப்பன் அபிஷேகத்துக்குக் கொண்டுபோகும் நெய்யில்தான். மார்கழி விடியலில் நெய் பாறையாய்க் கிடக்கும். தலையில் சுமக்கும் இருமுடிக் கட்டை நிறைக்கிற நேரத்தில் அவசரமாகக் காய்ச்சிச் சுடச்சுட ஊற்றினால், குளிர்ந்து கிடக்கும் ஓடு விரிசல் விட்டுவிடும். பயந்துகொண்டு இளஞ்சூட்டில் ஊற்றினாலோ, கண் துவாரத்திலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பார்வைக்கு நிரம்பிய தேங்காய், உள்ளே பாதி காலி. சன்னிதானத்தில் உடைக்கும்போதுதான் அந்தக் குட்டு வெளிப்படும்.

தேங்காயிலிருந்தே கவனம் வேண்டும். தெற்கிலிருந்து லாரியேறி ஐஎன்ஏ மார்க்கெட்டுக்கு வந்த காய்தான், நெய் சுமந்து மறுபடியும் தெற்கே போகப்போகிறது. ஐயன் கணக்கு அப்படி! தில்லியின் வறண்ட குளிரில் ஓட்டில் மயிரிழை விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது. முந்தின நாளே நாரெடுத்து, ஓட்டை வழவழப்பாகத் தேய்த்து, மிருதுவான கண்ணைக் குடைந்து இளநீரை வடித்துவிடுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் கால் மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் அந்தக் காய் சட்னிக்கு. நனையாத காயைத் தண்ணீர் கொட்டிவிட்டு, இரவு முழுக்கக் கவிழ்த்து உலர்த்துங்கள். உள்ளே ஈரம் நின்றால் இரண்டு நாள் ரயிலில் நெய் சிக்கு வாடை அடித்துவிடும்.

நிறைப்பதற்கு முன் தேங்காயை மொட்டை மாடி வெயிலில் அரை மணி நேரம் வைப்பது நல்லது. வெயில் வராத நாளென்றால் கம்பளித் துணியில் சுற்றி ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைக்கலாம். நெய் விரல் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். நாலு தவணையாக, ஒவ்வொரு முறையும் லேசாக உலுக்கி ஊற்றினால் காற்று வெளியேறும். விளிம்பு வரை நிறைக்கவே கூடாது. உறைந்த நெய் உருகும்போது கொஞ்சம் பெருக்கும், மூடியைத் தள்ளிவிடும். ஒரு விரல் இடம் விட்டு, கார்க் அடைத்து, மேலே கெட்டியான உளுந்து மாவைப் பூசிக் காயவிடுங்கள். வெறும் மெழுகு இந்தக் குளிரில் உடைந்து பெயர்ந்துவிடுகிறது. கண் இருக்கும் பக்கம் குங்குமம் வைத்துவிட்டால் கட்டும்போது அதை மேல்நோக்கி வைக்க வசதி. கசிவு தில்லியில் தெரியாது. ஜான்சி வரை எல்லாக் கட்டும் ஒழுங்காகத்தான் இருக்கும். விஜயவாடா வெயிலில்தான் யார் அவசரப்பட்டார் என்று தெரியும்.

கற்பூரம், ஊதுபத்தி, பிளாஸ்டிக் பைகள் எதுவும் கட்டுக்குள் வேண்டாம். ரயிலில் கற்பூரம் ஏற்றுவது அறவே கூடாது. பூசைக்குரிய மற்றதெல்லாம், பலமுறை மலை ஏறி நம்மை வழிநடத்தும் குருசாமி சொல்வதுபோல.

கட்டு நிறை ஆர்.கே.புரம் ஐயப்பன் கோயிலிலோ, குருசாமி வீட்டிலோ நடக்கும். வீட்டில் என்றால் தனி அழகு. தமிழை இந்தி எழுத்தில் எழுதி வைத்துச் சரணம் சொல்கிற, முதல் முறை மலைக்குப் போகும் கன்னிச்சாமிகள் இருப்பார்கள். "ழ" வராது. "பகவானே, பகவதியே" மட்டும் கூரை பிளக்கும். வீட்டார் மூன்று கைப்பிடி அரிசி போட்டு முடித்ததும், பக்கத்து ஃபிளாட் பஞ்சாபி அம்மாவும் தலையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு வந்து நிற்பார். நாற்பது நாளாக வெங்காயம் பூண்டு இல்லாமல் சப்ஜி செய்து கொடுத்தனுப்பிய கை அது. அந்த அரிசியும் இருமுடிக்குள் போகும்.

பயணத்துக்கு வருவோம். கேரளா எக்ஸ்பிரஸில் செங்கன்னூர் வரை இரண்டு இரவு, இரண்டு பகல். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது, அதாவது மாலை போடும் முன்பே டிக்கெட் எடுத்தாக வேண்டும். டிசம்பர் கடைசியில் பனிமூட்டம் ஆக்ரா பக்கம் வண்டியை நிறுத்தி வைத்துவிடும். நெய்யபிஷேகம் முற்பகலோடு முடிந்துவிடுகிறது. வண்டி ஆறு மணி நேரம் தாமதமானால், அன்றைய அபிஷேகம் போய் மறுநாள் காலைக்கு மலையிலேயே காத்திருக்க வேண்டும். ஆகவே ஆன்லைன் வரிசைத் தேதிக்கும் வண்டி சேரும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் விடுங்கள். ஒரு மேல் பெர்த்தைக் கட்டுகளுக்கென்றே ஒதுக்கிவிட்டால் நிம்மதி. விமானத்தில் போகிறவர்களுக்கு, 2024 அக்டோபரில் அந்த சீசனுக்கு மட்டும் இருமுடித் தேங்காயைக் கையோடு எடுத்துப்போக அனுமதி வந்தது. ஒவ்வொரு வருடமும் விசாரித்துக்கொள்வது நல்லது.

மலையடிவாரத்தில், பம்பையில் இறங்கியதும் "சாமி, சீக்கிரம் தரிசனம்" என்று ஒட்டிக்கொள்ளும் புரோக்கர்களை நம்ப வேண்டாம். தில்லிப் பிள்ளைகள் தங்களுக்குள் இந்தியில் பேசுவதைக் கேட்டால் சுக்குத் தண்ணீர் விலைகூட ஏறும். வாயைத் திறந்து தமிழில் கேளுங்கள், இறங்கும். நீலிமலை ஏற்றத்தில் தில்லிக்காரர்களுக்கு மூச்சு முட்டுவதைவிட வியர்வைதான் ஆச்சரியம். இரண்டு நாள் முன்பு ஸ்வெட்டர் போட்ட உடம்பாயிற்றே! அப்பாச்சிமேட்டில் உட்கார்ந்து போங்கள், யாரும் பரிசு தரப்போவதில்லை.

பதினெட்டாம்படியை எண்ண விடமாட்டார்கள். போலீஸ்காரர் கை தூக்கிவிடும், அவ்வளவுதான். தரிசனமும் இரண்டு மூச்சு நேரம். கூட்டம், தள்ளல், பின்னாலிருந்து முழங்கை.

ஆனால் தேங்காய் உடையும் அந்த நொடி இருக்கிறதே! விடியல் மலைக்காற்றில் நெய் முழுதாய் உருகியும் இருக்காது, உறைந்தும் இருக்காது. ஓட்டைத் தட்டினதும் வெள்ளையாய், பிறை வடிவில், ஒரு கணம் ஓட்டிலேயே ஒட்டி நின்று, பிறகு நழுவிப் பாத்திரத்தில் விழும். பாலக்காட்டு நெய், சேலத்து நெய், ஆந்திர நெய், தில்லி நெய் எல்லாம் ஒரே பாத்திரம். அதில் நம் வீட்டு நெய் எது? ஐயப்பா, பகவானே, அது உனக்கல்லவா தெரியும்! பிழைப்புக்காக எங்கோ போனவர்களையும் வருடம் தவறாமல் இழுத்து வருகிறாயே, கருணைக் கடலே! என்ன சொல்லி நன்றி சொல்ல!

உடைத்த தேங்காய் மூடியில் ஒன்று, சன்னிதானத்தில் எரியும் ஆழித் தீக்கு. மாளிகைப்புரத்தம்மனுக்கு மஞ்சள்பொடி.

அபிஷேக நெய்யைக் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுவராதீர்கள். தில்லி சேர்ந்ததும் கல்லாய் உறைந்து கழுத்து வழியே வராது. வாய் அகன்ற எவர்சில்வர் டப்பாதான் சரி. மாலை கழற்றிய அன்றே ஸ்பூனால் சுரண்டிச் சின்னக் கிண்ணங்களில் பங்கு வைத்துவிடலாம். முதல் கிண்ணம் பக்கத்து ஃபிளாட்டுக்கு.

சாமியே சரணம் ஐயப்பா!