கெண்டைக்காலில் மாட்டிய பேன்ட்

மே மாதத்து வேலூர் வெயிலில் ட்ரையல் ரூமுக்குள் போனதே என் முதல் தப்பு. லாங் பஜார் பக்கம் ஒரு துணிக்கடை. உள்ளே ஃபேன் கிடையாது. தங்கை நிச்சயதார்த்தத்துக்கு என்று எடுத்த சுடிதார் செட்டில் டாப் எனக்கென்றே தைத்த மாதிரி பொருந்தியது. கூட வந்த பேன்ட்தான் வில்லன். காலோடு ஒட்டிப் பிடிக்கிற ரகம். கணுக்காலைச் சமர்த்தாகத் தாண்டி, கெண்டைக்காலில் வந்து நின்றுவிட்டது. மேலே இழுத்தால் வரவில்லை. சரி வேண்டாம், கழற்றிவிடலாம் என்று பார்த்தால் கீழேயும் இறங்கவில்லை. வியர்வையில் துணி தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் நொண்டியடித்துக் கண்ணாடியில் முட்டிக்கொண்ட நேரத்தில், வெளியே ஒரு அம்மா கதவைத் தட்டினார்.

"உள்ள இன்னாம்மா பண்ற, தூங்கிட்டியா?"

பதற்றத்தில் ஒரே இழுப்பு. டர்ர். தையல் முழங்கால் வரை விட்டது.

கவுன்ட்டரில் இருந்த பெண் கிழிசலைப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் பில் போட்டாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்து அளந்தேன். இடுப்பு 30 அங்குலம். கெண்டைக்கால் 16½. இரண்டு கெண்டையையும் சேர்த்துக் கட்டினால் இடுப்பை மிஞ்சும்! கெண்டைக்கால் என்று பேர் வைத்தவர் கெண்டை மீனை மனதில் வைத்துத்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். நடுவில் லேசாகப் பருத்து, இரண்டு பக்கமும் ஒடுங்கி, அழகாக இருக்கும். என் காலைப் பார்த்திருந்தால் திமிங்கலக்கால் என்று வைத்திருப்பார்.

மாமியார் ஒரே நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார். "யானைக்காலாத்தான் இருக்கும். எதுக்கும் டாக்டராண்ட போயி காட்டிட்டு வா."

சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கம் யானைக்கால் என்பது எங்கோ கேள்விப்பட்ட நோயல்ல. நான் சிறுமியாக இருந்தபோது சுகாதாரத் துறை ஆட்கள் ராத்திரியில் வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அந்த நோயைத் தருகிற குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் உலாவுமாம். தூக்கத்தில் எழுப்பிக் குத்தினால் எந்தப் பிள்ளைதான் கை நீட்டும்? நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். வருஷா வருஷம் மாத்திரையும் கொடுப்பார்கள். ஆக, அத்தை பயந்ததில் நியாயம் இருந்தது.

ஆனாலும் நேராக டாக்டரிடம் போகிற வழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது? யூடியூபுக்குப் போனேன். ஒரு அக்கா, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, தினமும் நூறு தடவை, கால் மெலிந்துவிடும் என்றார். இன்னொருவர் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நடக்கச் சொன்னார். அதையும் செய்தேன். வேலூர் வெயிலுக்குப் பிளாஸ்டிக் சுற்றின கால் எப்படி இருக்கும் தெரியுமா? ஆவியில் வெந்த இட்லி மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. அளந்தேன். அதே 16½.

கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சோளிங்கர் போய், யோக நரசிம்மர் மலையில் 1,305 படி ஏறினேன். ரோப் கார் இருக்கிறதே என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். நான் கேட்கவில்லை. மூச்சு வாங்க ஏறினேன், கும்பிட்டேன், குஷியாக இறங்கினேன். அந்த இறக்கம்தான் வேலையைக் காட்டியது. மறுநாள் காலை கட்டிலை விட்டு எழுந்தவள் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பையன் அதைப் புது விளையாட்டு என்று நினைத்து அவனும் அப்படியே இறங்கி விழுந்து வைத்தான்.

அதற்குப் பிறகுதான் டாக்டர். எங்கள் தெருமுனை கிளினிக் டாக்டரம்மா முதலில் கேள்விகளாக அடுக்கினார். ஒரு காலா, இரண்டு காலா? திடீரென்று வந்ததா? வலி, சூடு, சிவப்பு உண்டா? ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அதற்கு டேப்பைத் தேடாதே, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்றார். அப்புறம் முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்துச் சில நொடி அழுத்தினார். நீர் கோத்திருந்தால் பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுமாம். விழவில்லை. பாதத்திலும் வீக்கம் இல்லை. கெண்டையில் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கைக்குக் கொஞ்சம்தான் சிக்கியது. சில பெண்களுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கொழுப்பு சேருமாம், பாதம் மட்டும் ஒல்லியாகவே இருக்குமாம், தொட்டாலே வலிக்குமாம். அதுவும் எனக்கு இல்லை.

"நுனிக்கால்ல நில்லு" என்றார். நின்றேன். பின்னால் இரண்டு தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி எழும்பி நின்றது. அத்தையே எட்டிப் பார்த்து "அடேங்கப்பா" என்றார்.

"இது நோவும் இல்ல, கொழுப்பும் இல்ல. முழுக்கத் தசை. உங்கப்பாவுக்கு எப்படி?"

அப்பா! காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் வழியாக முப்பது வருஷம் சைக்கிள் மிதித்தவர். (பாலம் மட்டும்தான் நிரந்தரம். கீழே தண்ணீர் ஓடினால் அன்றைக்குப் பாலத்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டம்தான் ஓடும்.) வேட்டியை மடித்துக் கட்டினால் அவருக்கும் இதே தேங்காய் மூடிதான். சைக்கிளால் வந்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். சைக்கிளுக்குக் கொஞ்சம் பங்குதானாம். மேலே இருக்கிற இரட்டைத் தசை எங்கே முடிந்து, குதிகாலோடு கட்டுகிற தசைநாணாக மாறுகிறது என்பது பிறவியிலேயே அமைந்துவிடும். சிலருக்கு மேலேயே முடிந்துவிடும், கால் குச்சி மாதிரி இருக்கும். எங்கள் வம்சத்துக்குப் பாதிக்குக் கீழே வரை இறங்கியிருக்கிறது.

"அப்போ நூறு தடவை குதிகால் தூக்கினது?"

"அது தசைய வளர்க்கிற பயிற்சி ஆச்சே!"

நான் அத்தையைப் பார்க்கவில்லை.

குறைக்க வழியே இல்லையா என்று கேட்டேன். கொழுப்பு என்றால் உடம்பு மொத்தமும் இளைக்கும்போது காலும் இளைக்கும், அந்த இடத்தை மட்டும் கரைக்க எந்தப் பயிற்சியும் இல்லை, உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன் உண்டு. தசைக்குப் போடாக்ஸ் ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தசை தளர்ந்து கொஞ்சம் சுருங்கும், சில மாதத்தில் திரும்பி வரும், மறுபடி போட வேண்டும். தசைக்குப் போகிற நரம்பை வெட்டுகிற ஆபரேஷனும் உண்டு, அதில் நடையே கெட்டுப்போகலாம். "பேன்ட்டுக்காகவா?" என்று கேட்டுவிட்டு, கெண்டைத் தசை காலில் இறங்கின ரத்தத்தை மேலே தள்ளுகிற பம்ப், இரண்டாவது இதயம் என்றே சொல்வோம் என்றார்.

"அப்போ கால் ரெண்டுக்கும் சேத்து இவளுக்கு மூணு இதயமா?" என்றார் அத்தை. ஆட்டோவில் வீடு வரும் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

டெய்லர் அண்ணன் வேறொரு பேன்ட்டைத் தைத்துத் தந்தார். கணுக்காலிலிருந்து கெண்டை வரை பக்கவாட்டில் ஜிப். கூடுதலாக 80 ரூபாய். நிச்சயதார்த்தத்தில் நாலு பேர் அது புது ஃபேஷனா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றேன்.

கிழிந்த பேன்ட் அடுப்படியில் இருக்கிறது. அத்தை அதை நாலாக மடித்துக் கரித்துணியாக்கிவிட்டார். குக்கரைப் பிடித்து இறக்க வாட்டமாக இருக்கிறதாம்.