தேர்வில் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’: சார்லட்டை மையமாக வையுங்கள்

ஆங்கில இலக்கியம் படிப்பவர்களுக்கு ஜேன் ஆஸ்டினின் இந்த நாவல் பாடமாக இருந்தால், சமூகத்தின் எதிர்பார்ப்புகள் கதாபாத்திரங்களின் முடிவுகளை எப்படித் தீர்மானிக்கின்றன என்ற கேள்வி ஏதேனும் ஒரு வடிவத்தில் வரக்கூடும். ‘அக்காலச் சமூகம் பெண்களை அடக்கி வைத்திருந்தது’ என்று தொடங்கினால், அதையே பக்கம் பக்கமாக வேறு சொற்களில் சொல்லிக்கொண்டிருக்க நேரிடும். நான் படித்தபோது ‘சமூகம்’ என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே இரண்டு கேள்விகளை மட்டும் எழுதினேன்: நெருக்குவது யார்? மறுத்தால் கைவிட்டுப் போவது என்ன?

இரண்டாவது கேள்விக்கு விடை தேடினால் நேராகச் சொத்துச் சட்டத்தில் போய் நிற்போம். நாவலின் நாயகி எலிசபெத்தின் தந்தை திரு பென்னட்டின் நிலத்திலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருகிறது. ஆனால் அது ஆண் வாரிசுக்கே சேரும் என்று கட்டப்பட்ட சொத்து. ஐந்து மகள்கள் இருந்தும், அவருக்குப் பின் அது உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். இதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். மகள்களுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்ற திருமதி பென்னட்டின் பதற்றம் வெறும் கேலிக்குரியதாகத் தெரியாமல் போவதற்கு இந்த ஒரு தகவல் போதும்.

பிறகு எலிசபெத்தின் தோழி சார்லட் லூகாஸ். விடையின் பெரும்பகுதியை அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பேன். வயது 27, அழகும் இல்லை, பணமும் இல்லை. எலிசபெத் மணக்க மறுத்த காலின்ஸ், மூன்றே நாளுக்குள் இவளிடம் வந்து தன்னை மணக்கக் கேட்கிறான், இவள் சம்மதிக்கிறாள். 22ஆம் அத்தியாயத்தில் இந்தச் செய்தி அவள் வீட்டை எட்டும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். திரு பென்னட் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்று தாய் உடனே கணக்குப் போடுகிறாள். அக்கா கடைசிவரை கல்யாணம் ஆகாமலே இருந்துவிடுவாளோ என்ற பயம் தம்பிகளுக்குத் தீர்கிறது. தங்கைகளுக்கோ, நாம் ஓரிரு ஆண்டு முன்பே விருந்துகளுக்குப் போகலாமே என்ற மகிழ்ச்சி. கெட்டவர்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. எல்லோரும் அவளை நேசிக்கிறார்கள், எல்லோருக்கும் அவளால் ஒரு லாபமும் இருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு அவள் பின்பக்க அறையைத் தன் அறையாக வைத்துக்கொள்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாலையைப் பார்த்த அறை காலின்ஸுடையது. தன் அறையும் அதைப் போல நன்றாக இருந்தால் அவன் அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்வான் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு நாவலிலேயே மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியாவைச் சுருக்கமாக எழுதினால் போதும். அவள் விக்காம் என்ற இராணுவ அதிகாரியுடன் ஓடிப்போனதும் மற்ற சகோதரிகளின் திருமண வாய்ப்பும் சேர்ந்தே ஆட்டம் காண்கிறது. இதற்கு அவள் இறந்திருந்தாலே மேல் என்று காலின்ஸ் கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதம் ஒன்றே சான்றாக நிற்கும்.

ஆண்களை விட்டுவிடாதீர்கள். பிரபுவின் இளைய மகனான கர்னல் ஃபிட்ஸ்வில்லியம், பணத்தைப் பார்க்காமல் தன்னைப் போன்றவர்கள் மணம் செய்ய முடியாது என்று எலிசபெத்திடமே சொல்கிறார். அவளை அவருக்குப் பிடித்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துப் படித்தால் அந்த உரையாடலின் கனம் புரியும். பெரும் செல்வந்தரான டார்சி எலிசபெத்தை முதன்முறை மணக்கக் கேட்கும்போதும் காதலுக்கு இணையாக அவள் குடும்பத்தின் தாழ்வைப் பற்றிய பேச்சுதான் ஓங்கி நிற்கிறது.

எலிசபெத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ‘புரட்சிப் பெண்’ என்று எழுதிக் கடந்துவிடாமல், அவள் மறுப்பின் விலையைச் சொல்லுங்கள். தாய்க்குப் பின் அவள் பங்குக்கு வரக்கூடியது 1,000 பவுண்டுதான் என்று காலின்ஸே அவளிடம் சொல்லிக்காட்டுகிறான். அதைக் கேட்டும் மறுக்கிறாள். பின்னர், அப்போது ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்சியையும் மறுக்கிறாள். கதை முடிவில் அதே டார்சியை மணப்பதால் அவள் துணிவுக்கான விலையை அவள் கொடுக்க நேரவே இல்லை. டார்சி மீண்டும் வந்திருக்காவிட்டால் 27 வயதில் எலிசபெத் எங்கே நின்றிருப்பாள் என்று விடைத்தாளில் கேளுங்கள். முன்பே சார்லட்டைப் பற்றி விரிவாக எழுதியிருப்பதால், அதற்கான பதிலை ஓரிரு வரியில் எழுதிவிடலாம்.