மீண்டவர்களும் மீளாத ஊரும்

2025 அக்டோபர் 13 அன்று, இஸ்ரேல்மீது 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையில் நடந்த தாக்குதலில் கடத்தப்பட்டு, உயிரோடு எஞ்சியிருந்த கடைசி 20 பணயக்கைதிகளும் காசாவிலிருந்து திரும்பியபோது, இஸ்ரேலின் டெல் அவீவ் கலை அருங்காட்சியகத்தின் முன்னுள்ள சதுக்கத்தில், முன்பின் அறியாதவர்கள்கூட ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். இரண்டாண்டுகளாக அங்கே, வெள்ளிக்கிழமை இரவு விருந்துக்கு விரித்ததுபோல் ஒரு நீண்ட மேசையும், உட்கார ஆளில்லாத நாற்காலிகளும் கிடந்தன. சட்டையில் மஞ்சள் நாடா குத்திக்கொண்டு சனிக்கிழமை இரவுகளில் அங்கே கூடியவர்களில், அரசியலில் எதிரெதிராக நின்றவர்களும் இருந்தார்கள்.

ஆனால் காசா எல்லையருகே உள்ள நிர் ஓஸ் போன்ற கிபுட்ஸ் (கூட்டுவாழ்வு) கிராமங்களுக்கு ஆறுதல் அவ்வளவு எளிதில் வாய்க்கவில்லை. ஏறக்குறைய 400 பேர் வாழ்ந்த நிர் ஓஸில் அந்தத் தாக்குதலின்போது சுமார் நான்கில் ஒருவர் கொல்லப்பட்டார் அல்லது கடத்தப்பட்டார். எஞ்சியவர்களில் பலர் கிர்யாத் காத் நகரின் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர, எரிந்த வீடுகளை இடிப்பதா, சாட்சியாக விட்டுவைப்பதா என்பதில் அண்டை வீட்டாருக்குள்ளேயே மனத்தாங்கல் எழுந்தது. (காசா மக்களின் இழப்பு இதனினும் பெரிது, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

என் பார்வையில், இந்த ஒற்றுமையைக் கட்டிக் காத்தது அரசாங்கம் அல்ல, பணயக்கைதிகளின் குடும்பங்களும் தன்னார்வலர்களும்தான். கடைசிப் பணயக்கைதியின் உடல் 2026 ஜனவரியில் மீட்கப்பட்ட பின்னும், அக்டோபர் 7 தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்கு யார் பொறுப்பு என்பதைச் சுதந்திரமான ஆணையம் விசாரிக்க வேண்டுமென்ற கோரிக்கையை அக்குடும்பங்களில் பல கைவிடவில்லை.