பதின்மூன்றாம் குழி

பல்லாங்குழிப் பலகையில் பதின்மூன்றாவது குழியைப் போடும்போது அடியில் பொடுக்கென்று ஒரு சத்தம். பலகையைத் திருப்பினால் ஊசி குத்தியதுபோல் ஓர் ஓட்டை, சுற்றிலும் சிலாம்பு. அக்கா மகளின் சீருக்கென்று பழைய கதவிலிருந்து கழற்றி இழைத்து வைத்திருந்த 25 மி.மீ. தேக்கு. இன்னும் ஒரே ஒரு குழிதான் பாக்கி.

அலமாரிக் கீலுக்குக் குழி போடும் 35 மி.மீ. பிட்டைத்தான் டிரில்லிங் மெஷினில் மாட்டியிருந்தேன். ஆழம் 18 மி.மீ. என்று கணக்கு. அளந்து பார்த்தேன்: முதல் குழி 18, ஏழாவது 19, பன்னிரண்டாவது 20.5. அந்தப் பிட்டின் நடு முனை வெட்டும் விளிம்பைத் தாண்டி 4 மி.மீ. நீண்டிருக்கிறது. 24.5 ஆகிவிட்டதா, பிறகு பலகையில் மீதி என்ன இருக்கிறது?

குற்றவாளி ஆழத்தை நிறுத்தும் மரைக்கம்பியில் இருந்த ஒற்றை நட். அதிர்வில் இரண்டு சுற்று மேலே ஏறியிருக்கிறது. வாங்கிய அன்றே கேட்டேன், இரண்டாவது நட் எங்கே என்று. “ஒன்று போதும் அண்ணாச்சி, கையால் இறுக்கினாலே நிற்கும்” என்றார் கடைக்காரர். நம்பினேன்.

மறுநாள் அம்பாசமுத்திரத்தில் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போய், கண்ணளவில் 10 மி.மீ. நட் நான்கு வாங்கி வந்தேன். ஒன்றும் ஏறவில்லை. அரைச் சுற்றிலேயே கடித்துக்கொண்டது. கம்பியைக் கழற்றிக் கையோடு கொண்டு போயிருக்க வேண்டும்; அந்தப் புத்தி ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது. ஹார்டுவேர் கடைகளில் சாதாரணமாகக் கொடுப்பது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் 1.5 மி.மீ. இடைவெளி உள்ள மரை, என் கம்பியில் இருப்பதோ 1.25. இதைச் சொன்னவர் எங்கள் தெருமுனை பைக் மெக்கானிக். கம்பியைப் பார்த்ததும் தகர டப்பாவைக் கிளறி இரண்டு நட் எடுத்துப் போட்டார், காசு கூட வாங்கவில்லை. வண்டிகளில் இந்த மரைதான் அதிகமாம். நான் ஒரு நாளை ரயிலில் தொலைத்திருக்கிறேன்.

இனி அளவு வைக்கும் விதம். பலகையின் பக்கவாட்டில் 18 மி.மீ. கோடு போட்டு, மெஷினை அணைத்த நிலையில் பிட்டைப் பலகைக்கு வெளியே இறக்கி, முனையை விட்டுவிட்டு விளிம்பைக் கோட்டோடு சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் குவிலை, அதாவது பிட்டோடு ஏறி இறங்கும் உருளையைப் பூட்டும் திருகை இறுக்கினால் இரண்டு கையும் நமக்குக் கிடைக்கும். முதல் நட்டை அது வந்து முட்டி நிற்கும் தடைவரை இறக்கி, அதன்மேல் இரண்டாவதை விட்டு, இரண்டு ஸ்பேனரால் எதிரெதிராக முறுக்கிவிட வேண்டும். பிறகு திருகைத் தளர்த்த வேண்டும். மறக்கவே கூடாதது இதுதான். நான் மறந்தேன். கைப்பிடி வரவில்லையே என்று தொங்கி இழுத்தேன். திருகின் நுனி குவிலில் ஒரு கீறல் போட்டுவிட்டது. இன்றும் இறங்கும்போது அந்த இடத்தில் ஒரு சொரசொரப்பு கைக்குத் தெரிகிறது.

பிட்டைக் கழற்றி மாட்டினாலோ மேஜையை ஏற்றி இறக்கினாலோ அளவு போயிற்று. முதலிலிருந்து வைக்க வேண்டும். தடையின்மேல் மரத்தூள் படிந்தால் நட் முன்கூட்டியே முட்டி ஆழம் குறையும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஊதல்.

இரண்டாவது பலகையில் 14 குழிக்கும் வித்தியாசம் அரை மி.மீ.கூட இல்லை. பெருமையோடு ஆச்சியிடம் நீட்டினேன். நான்கு புளியமுத்தைப் போட்டு விரலால் துடைத்துப் பார்த்தாள். “அடி தட்டையாக இருக்கிறதே, மூலையில் ஒதுங்கினால் முத்து எப்படியடா கையில் வரும்?”

அரைவட்ட உளியும் உப்புத்தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆறு குழி முடிந்திருக்கிறது.