மவுண்ட் புலாஸ்கி: லிங்கன் வாதாடின சின்ன ஊரு

லிங்கன்னாலே எல்லாரும் வெள்ளை மாளிகை, கெட்டிஸ்பர்க் பேச்சுன்னு ஆரம்பிச்சிருவாங்க, எனக்கு என்னவோ அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல இலினாய் மாநிலத்துப் புல்வெளில கேஸ் கட்டோட ஊர் ஊரா சுத்துன வக்கீல் லிங்கனத்தான் ரொம்பப் புடிக்கும்.

அவர் வந்து போன ஊர்ல ஒண்ணுதான் மவுண்ட் புலாஸ்கி. 1848ல லோகன் கவுண்டிக்கு (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) கவுண்டி சீட் ஆச்சு. கவுண்டி சீட்னா கோர்ட்டு, நிலப் பத்திரம் பதியறது, வரி கட்டறது எல்லாமே அங்கதான், அதனால அந்த அந்தஸ்து கிடைச்சா ஊரு பொழைச்சிரும். அதுக்காகவே செங்கல்ல ரெண்டு மாடி கோர்ட்டு கட்டுனாங்க, செலவுல பெரும்பகுதி ஊர் ஜனங்க கைக்காசு. கீழ ஆபீஸ் ரூமுங்க, மேல கோர்ட் ஹால்.

ஜட்ஜு அந்த ஊர்லயே இருக்க மாட்டாரு. பல கவுண்டிய சேத்து ஒரே ஜட்ஜ் சுத்தி வர்ற கோர்ட் வட்டத்துக்குப் பேரு சர்க்யூட்; இங்க எட்டாவது சர்க்யூட்டுக்கு டேவிட் டேவிஸ்னு ஒரே ஜட்ஜ், ஒரு கட்டத்துல 14 கவுண்டி அவர் கையில, ஸ்ப்ரிங்ல ஒரு ரவுண்டு ஃபால்ல ஒரு ரவுண்டுன்னு குதிரையிலயும் வண்டியிலயும் சேறும் சகதியுமான ரோட்டுல வருவாரு, வக்கீலுங்க கூட்டமும் கூடவே வரும், ராத்திரி சத்திரத்துல ஒரே கட்டில்ல ரெண்டு பேரு படுக்கணும். டேவிஸ் ஆளு எடை 300 பவுண்டுக்கு கிட்ட, அவருக்கு மட்டும் தனிக் கட்டில். சாப்பாடு சரியில்ல, படுக்கை சரியில்லன்னு அவர் பொண்டாட்டிக்கு எழுதுன லெட்டரெல்லாம் இன்னும் இருக்கு. கோர்ட் நடக்கிற வாரம்னா சுத்துப்பட்டு விவசாயிங்க எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துருவாங்க, காலைல கட்சிக்காரரப் பாத்துப் பேசுன வக்கீல் அன்னிக்கே எழுந்து வாதாடறதெல்லாம் சர்வ சாதாரணம். தானா ஆடுற தொட்டிலோட பேடன்ட் உரிமை பத்தி ஒரு வழக்கு, அதுல லிங்கன் தொட்டில் மாடல கோர்ட்லயே இயக்கிக் காட்டுனாராம். எனக்கு அந்த ஹால்ல நிக்கும்போது அதுதான் கண்ணு முன்னாடி ஓடுச்சு.

அப்புறம் ரயில் வந்துச்சு. லைன் இந்த ஊரத் தொடாம போச்சு, அந்த லைன் மேலயே 1853ல புதுசா ஒரு ஊரு போட்டு அதுக்கு லிங்கன் பேரையே வெச்சாங்க (அப்ப அவர் ஜனாதிபதியே இல்ல, ரயில் கம்பெனி ஆளுங்களுக்கு வக்கீல்), 1855ல கோர்ட்டும் அங்க போயிருச்சு. காசு போட்டுக் கட்டுன ஜனங்களுக்கு ஏழே வருஷம். எவ்வளவு வயிறு எரிஞ்சிருக்கும்!

ஆனா அதனாலதான் கட்டடம் தப்பிச்சதுன்னு நினைக்கிறேன். வளர்ந்த ஊர்லல்லாம் பழைய கோர்ட்ட இடிச்சிட்டு பெருசா கட்டிட்டாங்க, இங்க ஸ்கூலு, போஸ்ட் ஆபீஸுன்னு மாத்தி மாத்தி உபயோகிச்சே காப்பாத்திட்டாங்க. அந்த சர்க்யூட்ல கட்டுன இடத்துலயே இன்னும் நிக்கிற ஒரிஜினல் கோர்ட்டு ரெண்டே ரெண்டு, இன்னொண்ணு மெடமோராங்கிற ஊர்ல.

ப்ளூமிங்டன்ல ஐடி வேலையில இருக்கிற நம்மாளுங்க ஸ்ப்ரிங்ஃபீல்டு போயி லிங்கன் வீட்ட மட்டும் பாத்துட்டு வந்துராதீங்க. வழியில கொஞ்சம் உள்ள திரும்புனா இந்த ஊரு வந்துரும், கண்டிப்பா மாடிக்கும் ஏறிப் பாருங்க.