அம்மாவுக்கு மட்டும் ஒரு வழி டிக்கெட்

கோத்தகிரியிலிருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து கப்பலில் இலங்கையின் காங்கேசன்துறை, அப்புறம் மலையகத்தில் ஹட்டன். போய் வந்து பத்து நாள் ஆகிறது. ஹட்டனைப் பற்றி எழுதப் போவதில்லை. அம்மா தான் பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, பார்த்தாள், அழுதாள், தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு "நம்ம ஊரு கொழுந்துதான் இது" என்றாள், அவ்வளவுதான். திரும்பி வந்த கதையும் அதற்கு ஆன செலவும்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கின்றன.

முதலில் மச்சான் கேட்ட கேள்விக்குப் பதில். "நம்ம காரையே கப்பல்ல ஏத்திட்டுப் போயிடலாமே?" முடியாது. இது ஆட்கள் மட்டும் ஏறும் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. 150 பேர் உட்காரலாம், வண்டி ஏறாது. இலங்கைக்குள் நம் காரைக் கொண்டுபோவதென்றால் கார்னே என்று தனியாக ஒரு சுங்கப் பத்திரமும் வேண்டும். ஆகவே கார் நாகை வரைதான். அந்த நாகை வரைக்குமான கார் வாடகையில்தான் எல்லாம் இருக்கிறது.

பஸ்ஸில் போயிருக்கலாமே என்பவர்களுக்கு: அம்மாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

ஸ்டாண்டில் விசாரித்தேன். நாகைக்கு 430 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய். "நாங்க காலியா திரும்பி வரணும்ல அண்ணா" என்று 860 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டார்கள். 12,040 ரூபாய், பேட்டா தனி. திரும்பக் கூட்டிவர இன்னொரு 12,040. வண்டியை அங்கேயே நிறுத்திவைத்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் கணக்கு. அது இன்னும் மோசம்.

காலியாகத் திரும்பும் வண்டிக்கு நாம் காசு கொடுக்கிறோம் என்றால், காலியாகத் திரும்பும் வேறொருவரின் வண்டியில் நாம் ஏறிக்கொண்டால் என்ன? ஊட்டிக்கு ஆள் இறக்க வந்த வேளாங்கண்ணிப் பக்கத்து வண்டி ஒன்று எப்படியும் அந்த வழியில்தான் இறங்க வேண்டும். ஊட்டியில் ஒரு லாட்ஜ் வாசலில் தெரிந்த பையன் இருக்கிறான். அவனிடம் சொல்லிவைத்தேன். மூன்றாம் நாளே போன் வந்தது. நாகை வரைக்கும் 6,000, டோல் அவர்கள் பொறுப்பு. திரும்பி வரவும் அதே யுக்திதான், தலைகீழாக. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம். இங்கிருந்து 28-ஆம் தேதி ஒரு குடும்பத்தை அங்கே இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் கோத்தகிரி வண்டி ஒன்றைப் பிடித்தேன். 6,500 பேசி, 1,000 முன்பணம் கொடுத்தேன். 28 மாலை கப்பல் நாகைக்கு வரும், வண்டியும் அங்கே நிற்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் கோளாறு ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வந்தது. டிக்கெட்டை ஒரு டிராவல்ஸில் போட்டேன். பக்கத்து ஊர், பெயர் வேண்டாம். எனக்கும் அம்மாவுக்கும் போக வர என்று தெளிவாகச் சொல்லி, இரண்டு பாஸ்போர்ட் நகலையும் கொடுத்து, பணத்தையும் கட்டிவிட்டு வந்தேன். இரவு வீட்டில் உட்கார்ந்து பிரிண்ட்டை விரித்துப் பார்த்தால் என் பெயரில் இரண்டு தேதி, அம்மா பெயரில் ஒரே தேதி. அம்மாவுக்குப் போக மட்டும்தான்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மறுபடி ஓடினேன். கவுன்டரில் இருந்த பையன் பதறவே இல்லை. "பாஸ்போர்ட்ல பிறந்த இடம் ஹட்டன்னு இருந்துச்சு சார். வயசானவங்க, சொந்த ஊருக்குப் போறாங்க, அங்கேயே தங்கிடுவாங்கன்னு நினைச்சேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்ன செய்வது, அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தம் அவனுக்கு எங்கே தெரியும்? அம்மா 1974-இல் தன் பன்னிரண்டாவது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவள். டேன்டீ என்ற அந்த அரசுத் தோட்டக் கழகத்தில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா சிரித்தாள். "அப்பவும் எனக்கு ஒரு வழிதான் போட்டாங்க. கேக்க ஆளில்ல" என்றாள். திருத்தித் தர டிராவல்ஸுக்கு இரண்டு நாள் ஆனது. சேவைக் கட்டணம் என்று மறுபடி கேட்டார்கள். நான் அசையவில்லை, கடைசியில் விட்டுவிட்டார்கள்.

கப்பல் டிக்கெட்டைக் கவுன்டரிலேயே நின்று, ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் இரண்டு தேதி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். காங்கேசன்துறையில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி கேட்ட முதல் கேள்வியே "திரும்பிப் போற டிக்கெட் எங்க?" என்பதுதான்.

போனது சுகமாகப் போனது. நாலு மணி நேரக் கடல், அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் அசையவில்லை.

27-ஆம் தேதி இரவு யாழ்ப்பாணத்தில் இருந்தோம். கடல் சரியில்லை, நாளைக்குக் கப்பல் இல்லை, 29-ஆம் தேதி வரவும் என்று செய்தி வந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கப்பலே நின்றுவிடும், மற்ற நாட்களிலும் காற்று வைத்ததுதான் சட்டம். விடுதிக்கு இன்னொரு நாள் வாடகை ஆயிற்று. ஆனால் கோத்தகிரி வண்டி? டிரைவருக்குப் போன் போட்டேன். "ஒரு நாளெல்லாம் நிக்க முடியாதுண்ணா, ஓனர் திட்டுவாரு." மறுநாள் மத்தியானம் மறுபடி கூப்பிட்டால், திருச்சியில் இரண்டு பேர் ஏறுகிறார்களாம், கிளம்பிவிட்டாராம். ஆயிரம் ரூபாய் போயிற்று. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

29 மாலை நாகையில் இறங்கி, ஒன் வே டிராப் வண்டி ஒன்று பிடித்தேன். கிலோமீட்டருக்கு 15 ரூபாய், ஒரு வழிக்கு மட்டும், 6,450. பரவாயில்லையே என்று ஏறிவிட்டேன். டோல் தனி, பேட்டா தனி என்பது தஞ்சாவூரில் தெரிந்தது. மலை ஏறினால் ஹில்ஸ் சார்ஜ் 500 என்பது மேட்டுப்பாளையத்தில், காலை நாலரை மணிக்கு, அம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. இதையெல்லாம் ஏறும் முன்பே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்க வேண்டும். நான் வாங்கவில்லை.

அதைவிடப் பெரியது குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் காத்திருந்தது. "இ-பாஸ்?"

நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது 2024 மே 7-ஆம் தேதி, உயர் நீதிமன்ற உத்தரவில். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஊர் வண்டியிலேயே சுற்றிச் சுற்றி அது நமக்கில்லை என்றே மனதில் பதிந்துவிட்டது. நீலகிரிப் பதிவான டி.என். 43-க்குத்தான் வேண்டாம். நான் உட்கார்ந்திருந்ததோ நாகைப் பதிவான டி.என். 51. நாகை டிரைவர் மலை ஏறுவதே முதல் தடவை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"சார், நான் கோத்தகிரிக்காரன்தான்" என்றேன்.

"நீங்க சரி, வண்டி?" என்றார் காவலர். நியாயம்தான்.

டிரைவர் போனில் சார்ஜ் இல்லை. என் போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். ஓ.டி.பி. வரவே இல்லை. இருட்டில் இறங்கி நின்று கையைத் தூக்கினால், "கீழ இறங்காதீங்க, பலாப்பழ சீசன்ல அந்த வளைவுலதான் யானை நிக்கும்" என்று சத்தம் போட்டார்கள். வேறு வழியில்லாமல் வண்டியைத் திருப்பி, மேட்டுப்பாளையம் பக்கம் சில கிலோமீட்டர் இறங்கி, சிக்னல் வந்த இடத்தில் படிவத்தை நிரப்பினேன். வண்டி எண், ஆள் எண்ணிக்கை, வரும் நாள், போகும் நாள், தங்கும் இடம். தங்கும் இடத்தில் என் வீட்டு முகவரி. வந்த காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு, கடைசியில் சுற்றுலா என்று போட்டேன். நாற்பது வருடம் இருந்த ஊருக்கு டூரிஸ்ட்டாக ஏறினேன். பாஸ் உடனே வந்துவிட்டது, அதைச் சொல்ல வேண்டும். காசும் இல்லை. நாகையில் வண்டி ஏறும்போதே ஐந்து நிமிடத்தில் எடுத்திருக்கலாம்.

இரண்டாம் தடவை ஏறியபோது பாஸைப் பார்த்தார்கள், விட்டார்கள். கரூரில் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். அதுவும் எனக்குத் தெரிந்த சட்டம்தான்.

கணக்கைப் பார்த்தேன். போக 6,000, வர எல்லாம் சேர்த்து 8,900, தொலைந்த முன்பணம் 1,000. ஆக 15,900. ஸ்டாண்ட் கணக்கில் 24,080, பேட்டா இல்லாமல். யாழ்ப்பாணத்து விடுதி வாடகையைக் கழித்தாலும் கையில் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம்தான். அடுத்த தடவை முன்பணம் 200-க்கு மேல் கொடுக்க மாட்டேன். கப்பல் வரும் நாளுக்கு மறுநாள் திரும்பும் வண்டியைத்தான் பிடிப்பேன். ஒரு நாள் வீணானால் நாகையில் ஒரு ராத்திரி, அவ்வளவுதானே.

வீட்டு வாசலில் அம்மா இறங்கினாள். பாவம், நாகை டிரைவர் ராத்திரி முழுக்க ஓட்டியவர். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்து இரண்டு மணி நேரம் படுக்கச் சொன்னேன். அதற்குள் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பெரிய தேருக்கு முன்னால் வேளாங்கண்ணி போகவேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். வாசலிலேயே பேசி முடித்தோம், நாலு பேர், 5,500, டோல் உள்பட. டிரைவர் எழுந்து முகம் கழுவி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். காலியாகப் போக வேண்டியதில்லை என்று முகம் மலர்ந்தவர், சாவியைக் கையில் எடுத்ததும் நின்றார்.

"சார், எறங்கறதுக்கு பாஸ் வேணாம்ல?"