பிள்ளைக்கான ஜீவனாம்சமும் நான் போட்ட தப்புக் கணக்கும்

குடும்ப நீதிமன்ற வேலைக்கு ஜூனியராக வந்த புதிதில், ஜீவனாம்ச வழக்கில் உத்தரவு வாங்கிவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். வழக்குக் கட்டை மூடி பீரோவில் வைத்துவிடுவோம், அவ்வளவுதான்.

அப்போது வந்தது ஓர் அம்மாவின் வழக்கு. ஆறு வயதுப் பையன். கணவர் தரப்பில் சம்பளச் சீட்டைக் காட்டி, வீட்டுக் கடன், பைக் கடன், சொசைட்டி லோன் எல்லாம் போகக் கைக்கு வருவது 9,000தான் என்றார்கள். வருமான வரி, பி.எஃப். மாதிரிக் கட்டாயப் பிடித்தம் சரி, தானாக வாங்கிய கடனைக் காட்டிப் பிள்ளையின் பங்கைக் குறைக்கலாமா என்று சீனியர் வாதாடினார். உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்புக்குப் பிறகு இரண்டு தரப்புமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கிடைக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

அந்த அம்மா கொண்டுவந்தது ஒரு கோடு போட்ட நோட்டு. வேன் ஃபீஸ், வீசிங் மருந்து, யூனிபார்ம் தையல் கூலி 380 வரை எழுதி, ரசீதுகளைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் செலவு பற்றிய கேள்விகளைப் பாதியிலேயே விட்டுவிட்டார். மாதம் 8,000 என்று உத்தரவானது.

ஆறு மாதம் பணம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. அந்த அம்மா போன் செய்தார். மாதாமாதம் மனுப் போட அலுத்துக்கொண்டு, “பொறுங்கம்மா, சேர்த்து ஒரேயடியா போடலாம்” என்று சொன்னவன் நான்தான். நிலுவை 15 மாதம் ஆன பிறகு கட்டைக் கையில் எடுத்த சீனியர் முதலில் தேதியைத்தான் கேட்டார். பிடிவாரண்ட் கேட்கும் மனுவை, தொகை பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 144ஆம் பிரிவிலும் அப்படித்தான். மூன்று மாதத் தொகை, 24,000 ரூபாய், அந்த மனுவில் சேர்க்க முடியாமல் போனது.

கணவரோ “பையனைக் கண்ணுல காட்டல, எதுக்குக் கட்டணும்?” என்றார். பிள்ளையைப் பார்க்கத் தனி மனு உண்டு. அதைப் போடாமல் பணத்தை நிறுத்தினால் எடுபடாது. கட்டாமல் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

இப்போது உத்தரவு நகலைக் கையில் கொடுக்கும்போதே சொல்லி அனுப்புகிறேன்: இரண்டு மாதம் வரவில்லையென்றால் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக்கொண்டு நேரே வந்துவிடுங்கள், போன் வேண்டாம்.